மனவடு நோயும் மூளையின் அச்சச் சுற்றுகளும்

மனவடு நோய் என்பது, உயிருக்கு ஊறு விளைவிக்கும் நிகழ்வு ஒன்றில் அகப்பட்டவர்களுள் ஒரு பகுதியினரிடம், அந்நிகழ்வு முடிந்த பின்னும் நீடிக்கும் உளநோய் ஆகும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் எனவும், ஆங்கில எழுத்துச் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. எனவும் இது வழங்கப்படுகிறது. போர், சித்திரவதை, பாலியல் வன்முறை, விபத்து, இயற்கைப் பேரழிவு முதலியன இதற்குக் காரணமாகலாம். ஆபத்தை உணர்ந்து உடலைக் காக்கும் மூளையின் நரம்புச் சுற்றுகள், ஆபத்து நீங்கிய பின்னும் அடங்காது இயங்குவதே இந்நோயின் அடிப்படை எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இலங்கையின் உள்நாட்டுப் போரும் தமிழர் வாழும் பகுதிகளில் இந்நோய் பற்றிய ஆய்வுகளுக்கு வழிவகுத்தன.

பெயரும் வரலாறும்

'வடு' என்பது ஆறிய புண்ணின் தழும்பைக் குறிக்கும். உள்ளத்தில் பதிந்த காயத்தின் தழும்பு என்ற பொருளில் 'மனவடு' என்ற சொல் இலங்கைத் தமிழில் பரவலாக வழங்குகிறது. உடலையும் உள்ளத்தையும் அழுத்தும் சூழ்நிலையை 'நெருக்கீடு' என்பர்.

முதல் உலகப் போரின்போது பதுங்குகுழிகளில் இருந்து நடுக்கம், பேச்சிழப்பு, கொடுங்கனவு ஆகியவற்றுடன் திரும்பிய படையினரின் நிலை 'எறிகணை அதிர்ச்சி' எனப்பட்டது. சார்லஸ் மையர்ஸ் 1915 இல் இப்பெயரை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். அக்காலத்தில் இது கோழைத்தனம் எனவும் எண்ணப்பட்டது. 1941 இல் ஆப்ரகாம் கார்டினர் இதனை உடலியல் மாற்றங்களோடு கூடிய நோயாக விளக்கினார். வியட்நாம் போருக்குப் பின்னர், 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இது தனி நோயாகச் சேர்க்கப்பட்டது. 2013 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இதனைப் பதகளிப்பு நோய்களிலிருந்து பிரித்து, நெருக்கீடு சார்ந்த நோய்கள் என்ற தனி வகுப்பில் வைத்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் 11 ஆம் வகைப்பாடு, நீண்டகாலக் கொடுமைகளால் விளையும் 'சிக்கலான மனவடு நோய்' என்பதையும் ஏற்றுக்கொண்டது.

அறிகுறிகள்

அமெரிக்கக் கையேட்டின்படி அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால் மட்டுமே இந்நோய் என முடிவு செய்யப்படும். அவை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன.

- மீள் அனுபவம்: நிகழ்வு மீண்டும் நடப்பது போன்ற உணர்வு, கொடுங்கனவு, விரும்பாமல் எழும் நினைவுகள்.
- தவிர்த்தல்: நிகழ்வை நினைவூட்டும் இடம், மனிதர், பேச்சு ஆகியவற்றிலிருந்து விலகுதல்.
- எண்ணத்திலும் உணர்விலும் மாற்றம்: குற்ற உணர்வு, பற்றின்மை, உலகம் முழுவதும் ஆபத்தானது என்ற நம்பிக்கை.
- மிகை விழிப்பு: உறக்கமின்மை, எரிச்சல், சிறு ஒலிக்கும் திடுக்கிடல்.

அதிர்ச்சிக்கு உள்ளாகும் எல்லோரும் நோயாளியாவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய நிகழ்வை எதிர்கொள்கின்றனர் என்றும், அவர்களுள் 5.6 விழுக்காட்டினருக்கே இந்நோய் ஏற்படுகிறது என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது.

அச்சச் சுற்றின் உறுப்புகள்

அச்சத்திற்கென மூளையில் தனியொரு மையம் இல்லை. பல பகுதிகள் இணைந்த ஒரு சுற்றே இப்பணியைச் செய்கிறது.

அமிக்டலா. மூளையின் இரு பக்கங்களிலும், பொட்டு மடல்களின் உட்புறத்தில் அமைந்துள்ள சிறு நரம்பணுத் தொகுதி இது. வாதுமைப் பருப்பின் வடிவினது ஆதலால் கிரேக்க மொழியில் இப்பெயர் பெற்றது. இதன் பக்கவாட்டுக் கரு, கண், காது முதலிய புலன்களின் செய்திகளைப் பெறுகிறது. நடுக்கரு, உடலை இயக்கும் கட்டளைகளை வெளியே அனுப்புகிறது. இவற்றிற்கிடையே அமைந்த சிறு நரம்பணுக் கூட்டங்கள் தடுப்புச் சைகைகளை எழுப்புகின்றன.

தலாமஸ். புலன் செய்திகளைப் பிற பகுதிகளுக்குப் பிரித்தனுப்பும் நிலையம் இது. அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ எலிகளில் நடத்திய ஆய்வுகளில், தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு இரு பாதைகள் இருப்பதைக் காட்டினார். ஒன்று நேரடியானது, விரைவானது, ஆனால் தெளிவற்றது. மற்றொன்று மூளைப் புறணி வழியே செல்வது, சற்றுத் தாமதமானது, ஆனால் நுட்பமானது. கயிற்றைப் பாம்பென எண்ணித் துள்ளுவது முதற்பாதையின் வேலை எனவும், அது கயிறுதான் எனத் தெளிவது இரண்டாம் பாதையின் வேலை எனவும் எளிமையாகக் கூறலாம்.

ஹிப்போகாம்பஸ். கடற்குதிரை போன்ற வடிவுடைய இப்பகுதி, நிகழ்வு நடந்த இடம், காலம், சூழல் ஆகியவற்றை நினைவில் இணைக்கிறது. 'அது அன்று அங்கே நடந்தது, இது இன்று இங்கே' என வேறுபடுத்த இதன் பணி தேவை.

முன்னெற்றிப் புறணி. இதன் உட்கீழ்ப் பகுதி, ஆபத்தில்லை என்று அறிந்தபின் அமிக்டலாவின் எழுச்சியை அடக்க உதவுகிறது. இதற்கு மாறாக, அருகிலுள்ள முன் சிங்குலேட் புறணியின் மேற்பகுதி அச்ச வெளிப்பாட்டைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது.

அமிக்டலாவின் நடுக்கருவிலிருந்து செல்லும் சைகைகள் ஹைப்போதலாமஸையும் மூளைத்தண்டையும் அடைகின்றன. இதயத் துடிப்பு மிகுதல், வியர்த்தல், உடல் உறைந்து நிற்றல் ஆகியன இதன் விளைவுகள்.

வேதிச் சைகைகள்

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று நரம்பிணைப்புகளில் வேதிப்பொருட்களைச் சுரந்து செய்தி பரிமாறுகின்றன. அச்சச் சுற்றில் முதன்மையானவை பின்வருவன.

- குளுட்டமேட்: நரம்பணுவைத் தூண்டும் கடத்தி. அச்சத்தைக் கற்கும்போது அமிக்டலாவின் நரம்பிணைப்புகள் வலுப்பெறுவதற்கு இதன் ஏற்பிகள் தேவை.
- காபா: நரம்பணுவை அடக்கும் கடத்தி. அமிக்டலாவின் தடுப்பு நரம்பணுக்கள் இதனையே பயன்படுத்துகின்றன.
- நோரட்ரினலின்: மூளைத்தண்டிலுள்ள லோக்கஸ் செருலியஸ் என்னும் சிறு தொகுதியிலிருந்து மூளை முழுவதும் பரவுகிறது. விழிப்பைக் கூட்டி, உணர்ச்சி மிகுந்த நினைவுகள் ஆழமாகப் பதியச் செய்கிறது.
- கார்ட்டிசோல்: ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அண்ணீரகச் சுரப்பி ஆகியவற்றின் தொடர் இயக்கத்தால் சுரக்கும் இயக்குநீர். நெருக்கீட்டைச் சமாளிக்க உடலை ஆயத்தப்படுத்துவதோடு, தன் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளுமாறு மூளைக்குச் செய்தியும் அனுப்புகிறது.

மனவடு நோயில் கார்ட்டிசோல் மிகுந்திருக்கும் என முன்னர் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ரேச்சல் யெகுடா முதலியோரின் ஆய்வுகளில் நோயாளிகள் பலரிடம் அது குறைந்தே காணப்பட்டது. பிற்கால ஆய்வுகளின் முடிவுகள் ஒரே சீராக இல்லை.

அச்சம் கற்றலும் தணிதலும்

ஒலி ஒன்றுடன் சிறு மின்னதிர்ச்சியைச் சிலமுறை சேர்த்தளித்தால், பின்னர் ஒலியை மட்டும் கேட்டாலும் எலி உறைந்து நிற்கும். இது உருசிய உடலியலாளர் இவான் பாவ்லோவ் விளக்கிய பழக்குதலின் ஒரு வகையாகும். ஒலியும் வலியும் பற்றிய செய்திகள் அமிக்டலாவின் பக்கவாட்டுக் கருவில் ஒருங்கே வந்து சேர்வதால் ஒலிக்குரிய நரம்பிணைப்பு வலுவடைகிறது. கடலலையில் அகப்பட்டுப் பிழைத்தவருக்கு அலையின் இரைச்சலே அத்தகைய ஒலியாகிவிடக்கூடும்.

மின்னதிர்ச்சியின்றி ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் அச்சம் படிப்படியாகக் குறையும். இது 'அச்சம் தணிதல்' எனப்படுகிறது. தணிதல் என்பது பழைய நினைவு அழிதல் அன்று. 'இவ்வொலி இப்போது தீங்கற்றது' என்ற புதிய கற்றல் பழைய நினைவின்மேல் அமைகிறது. இதனாலேயே வேறொரு சூழலிலோ, நீண்ட இடைவெளிக்குப் பின்னரோ, புதிய அதிர்ச்சி ஒன்றின் பின்னரோ பழைய அச்சம் மீண்டும் தலைதூக்குகிறது. புதிய கற்றலை நினைவுகூர முன்னெற்றிப் புறணியின் உட்கீழ்ப் பகுதி தேவை என்பதை முகமது மிலாட், கிரெகரி குவர்க் ஆகியோர் 2002 இல் எலிகளில் காட்டினர். அங்கிருந்து வரும் சைகைகள் அமிக்டலாவின் தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டி நடுக்கருவை அடக்குவதாக விளக்கப்படுகிறது.

நோயாளரின் மூளை பற்றிய ஆய்வுகள்

மூளைப் படமெடுப்பு ஆய்வுகளில், நோயாளர் பலரிடம் அச்சமூட்டும் தூண்டல்களுக்கு அமிக்டலா மிகையாகவும் முன்னெற்றிப் புறணியின் உட்கீழ்ப் பகுதி குறைவாகவும் இயங்குவது காணப்பட்டது. மிலாட் குழுவினரின் 2009 ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளர்கள் அச்சம் தணிவதைக் கற்றபோதிலும் மறுநாள் அதனை நினைவுகூர இயலாதிருந்தனர். கற்பதைவிடக் கற்ற பாதுகாப்பை மீட்டெடுப்பதே அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

நோயாளரின் ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறியது என்பதும் பலமுறை அறியப்பட்டுள்ளது. இது நோயின் விளைவா, காரணமா என்ற வினாவுக்கு மார்க் கில்பர்ட்சன் குழுவினர் 2002 இல் ஒருகரு இரட்டையரை ஆராய்ந்து விடை தேடினர. போருக்குச் சென்று கடும் நோயுற்றவருக்கு மட்டுமன்றி, போரையே காணாத அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. எனவே, இது ஓரளவேனும் முன்பே அமைந்த ஏதுநிலையாக இருக்கலாம்.

மைக்கேல் கோனிக்ஸ் குழுவினர் 2008 இல், வியட்நாம் போரில் மூளையில் காயமுற்ற படையினரை ஆராய்ந்தனர். அமிக்டலா சிதைந்தவர்களுள் ஒருவருக்கும் இந்நோய் இருக்கவில்லை. ஆனால், அச்சத்தை அடக்குவதாகக் கருதப்படும் உட்கீழ் முன்னெற்றிப் பகுதி சிதைந்தவர்களிடமும் நோய் குறைவாகவே காணப்பட்டது. அப்பகுதியை வெறும் 'தடுப்புக் கருவி' எனக் கொள்வது போதாது என்பதை இம்முடிவு உணர்த்தியது.

பெங்களூர் ஆய்வுகள்

நெருக்கீடு நரம்பணுக்களின் வடிவத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பது பற்றிய முக்கியமான ஆய்வுகள் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினரால் மேற்கொள்ளப்பட்டன.

- 2002: எலிகள் நாளொன்றுக்கு 2 மணிநேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாது வைக்கப்பட்டன. ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ அவை வளர்ந்தன.
- 2004: அதன்பின் 21 நாட்கள் ஓய்வளித்தும் அமிக்டலாவின் வளர்ச்சி மறையவில்லை.
- 2005: ஒரே ஒருமுறை 2 மணிநேர நெருக்கீட்டுக்கு உள்ளான எலிகளில் மறுநாள் மாற்றமேதும் தென்படவில்லை. 10 நாட்களுக்குப் பின்னர் அமிக்டலாவில் நரம்பிணைப்புகள் அமையும் முட்கள் பெருகியிருந்தன, பதகளிப்பும் மிகுந்திருந்தது.
- 2012: நெருக்கீட்டின்போது குருதியில் கார்ட்டிகோஸ்டீரோன் கூடியிருந்த எலிகளில் அத்தகைய பின்விளைவுகள் தோன்றவில்லை. இது எலிகளில் கார்ட்டிசோலுக்கு இணையான இயக்குநீர் ஆகும்.

நிகழ்வின் பின் முதல் சில நாட்கள் இயல்பாகத் தோன்றிய ஒருவர் வாரங்கள் கழித்து நோயுறுவது ஏன் என்பதற்கு 2005 ஆம் ஆண்டின் ஆய்வு ஓர் உயிரியல் விளக்கத்தைத் தருகிறது. எனினும் எலிகளில் கண்டவை அனைத்தும் மனிதருக்கு அவ்வாறே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

தமிழர் வாழும் பகுதிகளில்

காஞ்சிபுரம் மாவட்டமும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

அன்று காஞ்சிபுரம் மாவட்டம் வங்காள விரிகுடா வரை பரவியிருந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய அதன் கடலோர ஊர்கள் அலையின் தாக்குதலுக்கு உள்ளாயின. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நகரம் உள்நாட்டில் இருப்பதால் அலை அதனை எட்டவில்லை. இக்கடலோரப் பகுதிகள் 2019 நவம்பர் 29 அன்று உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன.

ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தோரிடையே இருந்த இவ்வேறுபாடு நோயின் வரைவிலக்கணத்திலும் இடம்பெறுகிறது. அலையில் சிக்கியவரும், பிறர் இறப்பதை நேரில் கண்டவரும், நெருங்கிய உறவினர் அதில் மாண்டதை அறிந்தவரும் இந்நோய்க்குரிய நிகழ்வை எதிர்கொண்டவர் ஆவர். தறியருகே அமர்ந்து தொலைக்காட்சியில் அக்காட்சிகளைக் கண்டு கலங்கியவர், 2013 ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அதனால் மட்டும் இவ்வகுப்பில் சேரார். மீனவருக்கு இருந்த இடர் வேறு வகையானது. அச்சத்தை நினைவூட்டும் கடலே அவர்களின் பிழைப்பும் ஆகும். தவிர்த்தல் என்னும் அறிகுறி அவர்களிடம் வருமான இழப்பாகவும் மாறக்கூடியது.

சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழகக் கடலோர மீனவ ஊர் ஒன்றில் பேரழிவின் 2 மாதங்களுக்குப் பின்னர் 314 பேரிடம் நடத்திய ஆய்வு 2007 இல் வெளியானது. 12.7 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. பெண்கள், காயமுற்றோர், வருமானமற்ற குடும்பத்தினர் ஆகியோரிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது.

இலங்கை

இலங்கையில் ஆழிப்பேரலையின் 3 முதல் 4 வாரங்களுக்குப் பின்னர், மூன்று பகுதிகளில் 8 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இடத்திற்கேற்ப 13.9 முதல் 38.8 விழுக்காட்டினரிடம் நோயின் அறிகுறிகள் இருந்தன. குடும்பத்தில் இறப்பும் அலையின் கடுமையும் மட்டுமன்றி, முன்னர் பட்ட அதிர்ச்சிகளும் இதனைக் கூட்டின.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கங்களை 1998 இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். தனிமனிதரோடு நில்லாது குடும்பமும் ஊரும் சிதைவதைக் 'கூட்டு மனவடு' என அவர் விளக்கினார். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் சூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், 7.0 விழுக்காட்டினரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இது 13.0 விழுக்காடாக இருந்தது.

புலம்பெயர்ந்தோர்

ஆத்திரேலியாவில் வாழும் 196 தமிழரிடம் நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வு, தாயகத்தில் பட்ட கொடுமைகளோடு, குடியேறிய பின் ஏற்பட்ட நெருக்கீடுகளும் அறிகுறிகளுக்குக் காரணமாவதைக் காட்டியது. அச்சம் தணிவதற்குப் பாதுகாப்பான சூழல் வேண்டும் என்ற ஆய்வுக்கூட முடிவுடன் இது ஒத்துப்போகிறது. முகாமில் இருப்பவருக்கும், திருப்பி அனுப்பப்படுவோமோ என அஞ்சுபவருக்கும் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்பதால், 'இப்போது தீங்கில்லை' எனக் கற்பது எளிதன்று.

சிகிச்சை

முதன்மையான உளச்சிகிச்சைகள் அச்சம் தணிதல் என்னும் கற்றலையே பயன்படுத்துகின்றன.

- எதிர்கொள்ளல் சிகிச்சை: தவிர்த்துவந்த நினைவுகளையும் இடங்களையும் பாதுகாப்பான நிலையில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வது.
- கதையுரைத்து எதிர்கொள்ளல்: வாழ்க்கைக் கதையைக் கால வரிசையில் சொல்லி, சிதறிய நினைவுகளுக்கு இடமும் காலமும் அளிப்பது. இது போரால் பாதிக்கப்பட்டோருக்காக வளர்க்கப்பட்ட முறை.
- எண்ணங்களைச் சீராக்கும் சிகிச்சை: 'என்னால்தான் நேர்ந்தது' என்பன போன்ற நம்பிக்கைகளை ஆராய்ந்து திருத்துவது.
- கண்ணசைவுச் சிகிச்சை: நினைவை மனத்தில் நிறுத்தியவாறு கண்களை இருபுறமும் அசைக்கச் செய்வது.

வடகிழக்கு இலங்கையில் போராலும் அலையாலும் பாதிக்கப்பட்ட 31 சிறுவர்களிடம் கதையுரைத்தல் முறையும் தியானம், தளர்வுப் பயிற்சி சேர்ந்த முறையும் ஒப்பிடப்பட்டன. ஒவ்வொன்றும் 6 அமர்வுகள் கொண்டது. 2009 இல் வெளியான முடிவுகளின்படி, 6 மாதங்களுக்குப் பின்னர் முதல் முறையில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் முறையில் 71 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர்.

மருந்துகளில் செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகியன அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றவை. நிகழ்ந்த உடனேயே ஒரே அமர்வில் அனைத்தையும் விவரிக்கச் செய்யும் முறை பயன் தருவதில்லை என அறியப்பட்டு, இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு மாற்றாக, பாதுகாப்பு, உணவு, உறவினருடன் சேர்த்தல், வற்புறுத்தாமல் செவிமடுத்தல் ஆகியன கொண்ட உளவியல் முதலுதவியை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இந்தியாவில் 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து உளநல உதவி பெறலாம்.

கருத்து வேறுபாடுகள்

- அமிக்டலாவின் சுற்றை 'அச்சச் சுற்று' என்பது பொருந்தாது என லெடூ பிற்காலத்தில் வாதிட்டார். அது ஆபத்தைக் கண்டறிந்து உடலைக் காக்கும் சுற்று என்றும், அச்சம் என்ற உணர்வுக்குப் புறணியின் பங்கு தேவை என்றும் அவர் கூறினார்.
- நோயாளர் சிலரிடம் அமிக்டலா மிகையாக அன்றி, மிகையாக அடக்கப்பட்டே இயங்குகிறது. அவர்கள் உணர்வற்று, தம்மை விட்டு விலகி நிற்பதுபோல் உணர்வர். எனவே, ஒரே சுற்று விளக்கம் எல்லோருக்கும் பொருந்தாது.
- வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், நாகப்பட்டினம் பகுதி மீனவர்கள் சமய நம்பிக்கை, உறவு, ஊர்க்கூட்டு ஆகியவற்றின் துணையால் இழப்பைத் தாங்கியதை எடுத்துக்காட்டினர். மேலைநாட்டு நோய் வகுப்புகளை அப்படியே பொருத்துவது குறித்து இத்தகைய ஆய்வுகள் எச்சரிக்கின்றன.

இவ்வேறுபாடுகள் இருப்பினும், ஒரு செய்தி பொதுவாக ஏற்கப்படுகிறது. மனவடு நோய் மன உறுதியின் குறைபாடு அன்று. ஒருகாலத்தில் உயிரைக் காத்த கற்றல், தேவை முடிந்த பின்னும் நீடிப்பதே அது. அக்கற்றலை அழிக்க இயலாவிடினும் அதன்மேல் புதிய கற்றலை அமைக்க இயலும்.

இவற்றையும் பார்க்க

- அமிக்டலா
- நரம்பணு
- உளமருத்துவம்
- 2004 இந்தியப் பெருங்கடல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும்
- காஞ்சிபுரம் மாவட்டம்